நாவுக்குத் தெரியாத பொய் பொய்யாகுமா?

இரண்டு கிண்ணங்களை மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். இரண்டிலும் ஷார்டொனே என்னும் வெள்ளை முந்திரிகை இரசம். இரண்டும் ஒரே பொன்னிறம். இரண்டிலும் வனிலா மணம், வாட்டிய பாணின் மணம், வெண்ணெயின் வழுவழுப்பு. ஒன்று மலைச்சரிவிலுள்ள ஒரு சின்னஞ்சிறு இரச ஆலையில், புதிய ஓக் மரப் பீப்பாவில் ஓராண்டு கிடந்து முதிர்ந்தது. மற்றது பெருந் தொழிற்சாலையொன்றின் உருக்குத் தாங்கியில், ஓக் மரச் சீவல்களை ஊறப்போட்டுச் சில வாரங்களில் மணமேற்றப்பட்டது. விலையிலோ பல மடங்கு வேறுபாடு. அருந்துபவருக்கு எது எதுவென்று தெரியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவதை முதலாவதன் பெயரால் விற்பவன் யாருக்கு, என்ன தீங்கு செய்தான்?

இது அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். முந்திரிகை இரசத்தைத் திருப்பலிப் பீடத்தில் மாத்திரமே கண்டவர்கள் நம்மிற் பலர். பணக்காரரின் போத்தலைப் பற்றி நமக்கென்ன என்று கேட்பது நியாயமே. குடியைப் புகழ்வதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. குடி குடும்பங்களுக்குச் செய்வது என்னவென்பதை நம் ஊர்களுக்கு எவரும் வந்து சொல்லத் தேவையில்லை. ஆனால் ஏமாற்றப்பட்டவன் அதை உணரவேயில்லை என்றால் அங்கே ஏமாற்று நடந்ததா என்ற கேள்வி, பாலுக்கும் தேனுக்கும் நல்லெண்ணெய்க்கும் பொதுவான கேள்வி. ஷார்டொனேயில் அது மிகத் துலக்கமாக எழுகின்றது. ஏன் என்பதை அறிய அந்தப் பழத்தையும் மரத்தையும் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

ஷார்டொனே பிரான்சின் பர்கண்டிப் பிரதேசத்துக்கு உரிய கொடி. அதை உயர்குலக் கொடியென்று நெடுங்காலமாகப் போற்றி வந்தார்கள். 1999இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தாரும் பிரெஞ்சு ஆய்வாளரும் அதன் மரபணுவை ஆராய்ந்தபோது, மதிப்புப் பெற்ற பினோ என்னும் கொடிக்கும், குடியானவர்களின் கொடியென்று இகழப்பட்ட கூவே பிளாங் என்னும் கொடிக்கும் பிறந்ததே அது என்று தெரிய வந்தது. கூவேயைப் பயிரிடக் கூடாதென்று தடைபோட்ட காலங்களும் உண்டு! குலப்பெருமை பேசுவோர் கவனிக்க வேண்டிய செய்தி.

தன்னளவில் ஷார்டொனே அடக்கமான பழம். பச்சை அப்பிளையும் எலுமிச்சையையும் நினைவூட்டும் மெல்லிய மணம், கூர்மையான புளிப்பு, அவ்வளவுதான். ஆகவே அது எங்கே விளைந்தது, யார் கையில் இரசமானது என்பவற்றுக்கு ஏற்ப மாறிவிடும். கவனமற்ற கையில் ஒன்றுமில்லாமற் போகும். ஓக் மரம் அதன்மேல் இவ்வளவு ஆதிக்கம் செலுத்துவதற்குக் காரணம் இந்த அடக்கமே.

மரம் செய்வது என்ன? ஓக் மரத்தைப் பிளந்து பலகையாக்கி, இரண்டு மூன்று ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் அடுக்கி வைக்கிறார்கள். பின்னர் வளைத்துப் பீப்பாவாக்கி, உட்புறத்தைத் தீயில் வாட்டுகிறார்கள். அந்தச் சூட்டில் மரத்திலுள்ள இலிக்னின் சிதைந்து வனிலின் உண்டாகிறது. வனிலா மணத்தின் மூலப்பொருள் அதுவே. தேங்காயை நினைவூட்டும் இன்னொரு மணமும் ஓக்கில் இயல்பாகவே உண்டு. பர்கண்டிப் பீப்பா 228 லீற்றர் கொள்ளும். அதற்குள் இருக்கும் மாதங்களில் மரத்தினூடாக மிகச் சிறிதளவு காற்றுச் சென்று இரசத்தைப் பதப்படுத்தும். பற்றீரியா அப்பிளுக்குரிய மலிக்கமிலத்தைப் பாலுக்குரிய இலற்றிக்கமிலமாக மாற்றிப் புளிப்பைத் தணிக்கும். வெண்ணெய் மணம் அதனாலேயே எழுவது. அடியில் தங்கிய மதுவத்தை இடையிடையே கோலால் கலக்கிவிடுவார்கள், இரசம் தடிப்பாகும். நம் நாட்டுத் தென்னஞ் சாராயத்தை ஹல்மில்ல மரத் தொட்டிகளில் முதிர வைப்பவர்களுக்கும் மரமும் காலமும் சேர்ந்து செய்யும் இவ்வேலை தெரியும்.

பீப்பாவுக்கு ஏற்ற ஓக் மரம் முதிர நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற் செல்லும். பிரான்சின் நடுப்பகுதியில் துரோன்சே என்றொரு காடு உண்டு. பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கொல்பேர், 1669ஆம் ஆண்டின் வனச் சட்டத்தால் நாட்டின் காடுகளை ஒழுங்குபடுத்தியபோது, கடற்படைக்குக் கப்பல் கட்டுவதை மனத்திற் கொண்டு பேணப்பட்ட காடு அது. போர்க் கப்பலுக்கென வளர்க்கப்பட்ட மரவினம் இன்று பீப்பாவாகிறது. வரலாறு சில வேளைகளில் இப்படி நல்ல பக்கம் திரும்பிவிடுகின்றது.

இந்தக் கலையைக் கடல் கடந்து கொண்டு சென்ற ஒருவரின் கதை இங்கே பொருந்தும். ஜேம்ஸ் செல்லர்பாக் என்னும் அமெரிக்கத் தொழிலதிபர், பிற்காலத்தில் இத்தாலிக்கான அமெரிக்கத் தூதுவராக இருந்தவர், பர்கண்டி இரசத்தின்மீது தீராத விருப்பம் கொண்டார். கலிபோர்ணியாவில் சொனோமா என்னுமிடத்து மலைச்சரிவில் 1953இல் ஷார்டொனேயும் பினோ நுவாவும் நட்டார். மனைவி ஹானாவின் பெயரையும் தம் குடும்பப் பெயரையும் இணைத்து அந்த இடத்துக்கு ஹான்செல் என்று பெயரிட்டார். ஆலையின் முகப்பைப் பர்கண்டியிலுள்ள குளோ த வூஜோவின் சாயலில் கட்டினார். குளோ த வூஜோ, 1098இல் தொடங்கிய சீத்தோ மடத்துத் துறவிகள் மதில் எழுப்பி, பிரெஞ்சுப் புரட்சி வரை உழைத்த தோட்டம். செல்லர்பாக் பிரான்சிலிருந்து ஓக் பீப்பாக்களையும் தருவித்தார். பிராட் வெப் என்னும் இரசாயன அறிவு மிக்கவர் 1957இல் முதல் இரசத்தை ஆக்கினார். அக்காலத்துக் கலிபோர்ணியாவில் பிரெஞ்சுப் பீப்பாவில் ஷார்டொனே முதிர்த்துவது புதுமை. உற்பத்தியோ மிகக் குறைவு. பிற்காலத்தில் எத்தனையோ சிறு ஆலைகள் பின்பற்றிய வழி அது.

இவ்வழி வந்தவர்கள் பெற்ற வெற்றி உலகறிந்தது. 1976 மே 24ஆம் திகதி பாரிசில், பெயர்களை மறைத்து நடத்திய ஒரு சுவைப் பரீட்சையில், பிரெஞ்சு நடுவர்கள் பர்கண்டியின் பேர்பெற்ற வெள்ளை இரசங்களை விட்டுக் கலிபோர்ணியாவின் ஷாட்டோ மொன்ரலீனா 1973 ஷார்டொனேக்கு முதலிடம் கொடுத்தார்கள். லேபல் மறைந்ததும் நா தடுமாறியது. அதன் பின்னர் மரம் மணக்கும் ஷார்டொனே உலகெங்கும் நாகரிகமாயிற்று. எல்லாருக்கும் அது வேண்டியிருந்தது. ஆனால் புதிய பிரெஞ்சுப் பீப்பா ஒன்றின் விலை இன்று ஆயிரம் யூரோவை அண்டும். அதிலிருந்து முந்நூறு போத்தல் வரையே கிடைக்கும். மரச் சீவலுக்கோ போத்தலுக்குச் சில சதங்களே செலவாகும். அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் முன்னரே வழங்கிய இம்முறையை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் அனுமதித்தது.

இங்கே சீவலின் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். அதில் வலுவுண்டு. ஓக் மரத்தை நாரின் போக்கிலேயே பிளக்க வேண்டியிருப்பதால், பீப்பாப் பலகையாகத் தேறுவது அடிமரத்தில் நாலில் ஒரு பங்கு வரையிலேதான். எஞ்சியதை வீணாக்காமற் பயன்படுத்துவதில் என்ன குற்றம்? செல்வருக்கு மட்டும் கிடைத்த சுவை சாதாரண தொழிலாளியின் மேசைக்கும் வந்தால் அது நல்லதல்லவா? நத்தார் கேக்குக்கு நம் வீடுகளில் ஊற்றும் வனிலா எசன்ஸ் பெரும்பாலும் வனிலாக் கொடியைக் கண்டதேயில்லை. அதிலுள்ள வனிலினும் கொடியில் விளைந்த வனிலினும் மூலக்கூற்றளவில் ஒன்றே. கேக் செய்த தாயை எவராவது பொய்காரி என்பாரா?

மேலும் கலப்படம் என்றதும் நாம் அஞ்சுவது வேறொன்றை. 1985இல் ஒஸ்திரியாவில் மலிவான இரசத்தைச் செழிப்பானதாகக் காட்ட டைஎதிலீன் கிளைக்கோல் என்ற நச்சுத் திரவத்தைக் கலந்தது அம்பலமாயிற்று. அடுத்த ஆண்டு இத்தாலியில் மெதனோல் கலந்த இரசம் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அவை கொடுமைகள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஓக் சீவலோ எவரையும் நோயாளியாக்குவதில்லை. உடலுக்குத் தீங்கில்லை, நாவுக்குக் குறையில்லை. பின் குற்றம் எங்கே?

புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில், விற்றல் வாங்கலில் நேரும் வஞ்சகத்தைப் பற்றி ஒரு வினாவையே ஒதுக்கியிருக்கிறார். இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில் 77ஆம் வினா. பொருளின் குறை மூவகை என்கிறார்: பொருளே வேறாக இருத்தல், அளவு குறைதல், தரம் குறைதல். முதல் வகைக்கு அவர் நினைவூட்டுவது, இரசத்தில் நீர் கலப்போரை இசயாஸ் இறைவாக்கினர் கண்டித்ததை. தெரிந்தே இவற்றைச் செய்பவன் வஞ்சகன். வாங்கியவனுக்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவன். இதுவரை நாம் எதிர்பார்ப்பதுதான்.

சுவையான பகுதி இனித்தான் வருகிறது. தங்கக் கிண்ணத்தைப் போலவே இரசவாதியின் போலித் தங்கக் கிண்ணமும் பயன்படுகிறதே, அதைத் தங்கமென்று விற்றால் என்ன என்று ஒரு மறுப்பை அவரே எழுப்புகிறார். நம் இரண்டு கிண்ணங்களின் கேள்வி இதுவே! அவர் தரும் விடை: தங்கத்தை மனிதர் விரும்புவது பாத்திரமாகப் பயன்படுகிறது என்பதற்காக மட்டுமன்று, அது தங்கமாக இருக்கும் மேன்மைக்காகவும் தூய்மைக்காகவுமே. ஆகவே போலியை விற்பது வஞ்சகம். ஆனால் இரசவாதி உண்மையான தங்கத்தையே ஆக்கிவிட்டால் அதை உண்மைத் தங்கமென்று விற்பதிற் பாவமில்லை. வந்த வழி எதுவென்பது அங்கே பொருட்டன்று.

கானாவூர்க் கல்யாணத்தை இங்கே சிலர் நினைத்துக்கொள்வார்கள். அந்த இரசம் எந்தத் தோட்டத்தையும் கண்டதன்று, எந்தப் பீப்பாவிலும் முதிர்ந்ததன்று. பந்திக்குப் பொறுப்பானவர் அது எங்கிருந்து வந்தது என்பதை அறியாமலேயே மெச்சினார். தண்ணீர் மொண்ட பணியாளர் மட்டும் அறிந்திருந்தனர். அங்கே வஞ்சகம் ஏதும் இல்லை. இரசம் மெய்யான இரசம். இன்ன மலையில் விளைந்தது, இத்தனை ஆண்டு முதிர்ந்தது என்று எவரும் சொல்லவுமில்லை. திருச்சபையும் திருப்பலிக்கு வேண்டுவது முந்திரிகைப் பழத்தினின்று வந்த, கெட்டுப்போகாத இயற்கை இரசத்தையே. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924ஆம் இலக்கம் இதைச் சொல்கிறது. அது பீப்பாவின் வயதை விசாரிப்பதில்லை.

அப்படியானால் சீவலிட்ட ஷார்டொனே எந்தத் தங்கம்? பழம் மெய், மரமும் மெய். "ஓக் சேர்ந்த ஷார்டொனே" என்று விற்றால் அது மெய்த் தங்கம். "ஓக் பீப்பாவில் முதிர்ந்தது" என்று விற்றால் போலி. ஒரே திரவம், ஒரே போத்தல். இரண்டு சொற்களுள் ஒன்று அதை மெய்யாக்குகிறது, மற்றது பொய்யாக்குகிறது.

இதற்கு ஒரு கெட்டிக்காரர் மறுமொழி சொல்வார்: "பீப்பாவில் முதிர்ந்தது என்பது பழைய கதை, கிண்ணத்தில் இருப்பது பொருள். கதையைக் குடிக்க முடியுமா?" என்று. ஒரு தாயை நினைப்போம். தூர தேசத்து மகனிடமிருந்து கடிதம் வருகிறது. எழுதியவன் மகனல்லன்; அவனுடைய அறைத் தோழன், மகனின் கையெழுத்தைப் போலவே எழுதி அனுப்பியிருக்கிறான். சொற்கள் அன்பானவை, மகன் எழுதியிருந்தாலும் அவற்றையே எழுதியிருப்பான். தாய் வாசித்து மகிழ்கிறாள், ஒருநாளும் உண்மை அறியப் போவதில்லை. அவளுக்கு ஒரு குறையும் நேரவில்லை என்று சொல்ல நமக்கு நா எழுமா? அவள் விரும்பியது தாளையும் மையையும் சொல்லையும் அன்று. மகன் இருந்து எழுதினான் என்பதையே. அந்த விருப்பம் நிறைவேறவில்லை. நிறைவேறியதாக அவள் நினைப்பது இழப்பை நீக்கவில்லை, மறைக்கிறது. அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் றொபேட் நோசிக் 1974இல் கேட்டதும் இத்தகைய கேள்வியே: வேண்டிய அனுபவமெல்லாம் மூளைக்குள் ஊட்டும் இயந்திரம் ஒன்று இருந்தால் அதனோடு வாழ்நாள் முழுவதும் இணைந்து கிடக்கச் சம்மதிப்பீர்களா? மாட்டோம் என்றே நம்மிற் பலர் சொல்வோம். உணர்வதோடு, உணர்வது மெய்யாகவும் இருக்க வேண்டுகிறோம்.

எல்லாப் பொருளும் கடிதமன்று. கேக்கிலுள்ள வனிலாவின் வரலாற்றை எவரும் விலைகொடுத்து வாங்கவில்லை, கேக்கையே வாங்கினர். ஆகவே அந்தத் தாய் குற்றமற்றவள். ஆனால் சிறு ஆலையின் பீப்பா ஷார்டொனேயை வாங்குபவன் சுவையோடு வேறு சிலவற்றையும் வாங்குகிறான்: ஒரு மலைச்சரிவு, ஓராண்டுக் காத்திருப்பு, பீப்பா பீப்பாவாக முகர்ந்து பார்த்த ஒருவரின் கவனம். அவற்றுக்கே அதிக விலை கொடுக்கிறான். அவற்றை வாங்குவது அறிவுடைமையா என்பது வேறு விவாதம். பசித்திருப்போர் உள்ள உலகில் அவன் மனச்சாட்சிக்கு அது விடப்பட வேண்டியது. வாங்கியதை அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நிச்சயம்.

விலையைப் பற்றி ஒரு பரிசோதனையையும் சொல்ல வேண்டும். 2008இல் கலிபோர்ணியாவின் ஆய்வாளர்கள் ஒரே இரசத்தை வெவ்வேறு விலை சொல்லிக் கொடுத்தார்கள். தொண்ணூறு டொலர் என்று சொன்னபோது, பத்து டொலர் என்று சொன்னபோதிலும் பார்க்க அதே இரசம் அதிகம் இனித்தது. வாயாற் சொன்னது மட்டுமன்று. இன்பத்தை மதிப்பிடும் மூளைப் பகுதியும் அதிகம் இயங்கியது. ஆகப் பொய் விலை மெய் இன்பத்தைத் தந்தது! பொய் சொன்னவன் உபகாரிதானே என்று கேட்கத் தோன்றும். ஆனால் எந்த வியாபாரியும் இந்த உபகாரத்தைத் தன் செலவிற் செய்வதில்லை என்பதைக் கவனியுங்கள். பத்து டொலர் இரசத்தைத் தொண்ணூறு என்று சொல்லிவிட்டுப் பத்தே வாங்கிக்கொள்பவனை நான் இன்னும் கேள்விப்படவில்லை.

பீப்பா வைத்திருப்பவரை மட்டும் நல்லவராக்கி இதை முடித்துவிட முடியாது. பீப்பாவும் பொய் சொல்லும். சாரமற்ற பழத்தைப் புதிய மரத்தின் மணத்தால் மூடி விற்ற காலம் ஒன்று இருந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மரமே மணந்து பழம் மறைந்துபோன இரசங்கள் பெருகி, ஷார்டொனே தவிர வேறு எதுவானாலும் தாருங்கள் என்று குடிப்போர் சலித்துக்கொள்ளும் நிலை வந்தது. அங்கே லேபலில் ஒரு சொல்லும் பொய்யன்று. பீப்பா மெய்ப் பீப்பாவே. எனினும் பழத்தின் வறுமையை மறைக்க மரத்தைப் போர்த்தியவனுக்கும், அழுகிய பழத்தைக் கூடையின் அடியில் அடுக்கியவனுக்கும் பெரிய தூரமில்லை. "பூட்டிக்" ஆலை என்ற பெயரும் இத்தகையதே. அமெரிக்காவில் அதற்கோ, போத்தலில் அச்சிடும் "றிசேவ்" என்ற சொல்லுக்கோ மத்திய சட்டத்தில் வரைவிலக்கணம் இல்லை. எவரும் சூடிக்கொள்ளலாம். சீவலைச் சீவலென்று சொல்லி விற்கும் பெருந் தொழிற்சாலைக்காரர், இப்படிப்பட்ட சிறு ஆலைக்காரரை விட நேர்மையாளர் என்பது என் கருத்து.

எஞ்சியிருப்பது மௌனம். இதுவே இன்று மிகவும் வழக்கிலுள்ள முறை, தீர்ப்புச் சொல்லக் கடினமானதும் இதுவே. ஐரோப்பியச் சட்டம் சீவலிட்ட இரசத்துக்குப் பீப்பாவில் முதிர்ந்தது என்று எழுதுவதைத் தடுக்கிறது. சீவல் இட்டோம் என்று எழுதும்படி கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே லேபலில் "ஓக்கின் இதமான வனிலா மணம்" என்று இருக்கும். ஒவ்வொரு சொல்லும் மெய். அருகில் மங்கலாக ஒரு பீப்பாவின் படம்.

அக்குவினாஸ் இதற்கும் அண்மையான ஒன்றைக் கருதியிருக்கிறார். பஞ்சம் நிலவும் ஊருக்குக் கோதுமை கொண்டுவரும் வியாபாரி, பின்னால் இன்னும் பலர் கோதுமையோடு வருவதை அறிந்திருக்கிறான். அதைச் சொல்லாமல் நடப்பு விலைக்கு விற்றால் நீதிக்குப் பிழையில்லை. சொன்னாலோ, அல்லது விலையைக் குறைத்தாலோ, அது மேலான புண்ணியம் என்கிறார். ஆக, பேசாதிருப்பதெல்லாம் பொய்யன்று. சீவலிட்ட இரசத்தை அதற்குரிய மலிந்த விலைக்கு விற்றுவிட்டுப் பேசாதிருப்பவனை நானும் குற்றஞ்சாட்ட மாட்டேன்; வாங்குபவனுக்கு அந்த விலையே பாதி உண்மையைச் சொல்லிவிடுகிறது. பீப்பாவின் படத்தைப் போட்டவனோ மௌனமாக இருக்கவில்லை. வாயால் மறுக்க வேண்டி வரும் ஒன்றைப் படத்தால் சொல்லியிருக்கிறான். அதற்காகப் பீப்பா இரசத்துக்குரிய விலையையும் வாங்கிக்கொண்டால், கூடுதலாகப் பெற்ற தொகை அவனுடையதன்று. ஒரு போத்தலுக்கு அது மூன்று யூரோவாக இருந்தாலும் சரி, முப்பதாக இருந்தாலும் சரி, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன்தான். வாங்கியவர் யாரென்று தெரியாத நிலையில் அதை எப்படிக் கொடுப்பது என்பதை அவன் தன் ஆன்ம குருவிடம் கேட்டறியட்டும்.